ஒப்பாள்

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று கோகிலவாணிக்குப் பதினேழாவது டோக்கன். பத்திரம் தயாராக இருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு ரிஸ்வானா வந்திருந்தாள். கடையை விற்கும் செந்தில்குமார் ஐயா முன்பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரோ ஒருவரிடம், "இருவத்திரண்டு வருசமா வாடகைக்கு இருக்கற அம்மணிங்க. ஒரு மாசம் வாடகை தள்ளிப் போனதில்லை. அதான் வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தடிக்குப் பதினாலடிக் கடை. கருகிப்போன பம்ப் மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக்கொடுக்கும் வைண்டிங் கடை. முதலில் கோகிலவாணியும் புருசனும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் போய் ஆறு வருசம் ஆயிற்று. இப்போது அவளும் ரிஸ்வானாவும். கோயம்புத்தூரில் பாதி வேலைகளை இயந்திரங்களே செய்துகொண்டிருந்த அந்த 2059-லும், எரிந்த கம்பிச்சுருளை, காயிலை, பிரித்துப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்ல ஆள்தான் வேண்டியிருந்தது. அதில் மிச்சம் பிடித்துப் பதினோரு வருசமாக அவள் சேர்த்தது முப்பத்தைந்து லட்சம். கடையின் விலை முப்பத்துநாலு.

"பணத்தை மாத்திருங்கம்மா" என்றார் பதிவாளர்.

கோகிலவாணி திரைமேல் உள்ளங்கையை வைத்தாள். பச்சை வெளிச்சம் வந்தது. அப்புறம் சிவப்பு.

"இருப்பு போதவில்லை."

மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள். இருப்பு பதினாலு லட்சத்துப் பத்தாயிரம் என்று காட்டியது. பின்னால் பதினெட்டாவது டோக்கன்காரர் இருமினார். செந்தில்குமார் ஐயா எழுந்து வந்து, "என்ன அம்மணி, நெட்வொர்க் இல்லீங்களா?" என்று கேட்டார். கோகிலவாணி பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

நொய்யல் வங்கியின் கணபதி கிளையில் மனிதர் என்று இருந்தது நிதின் ஒருவன்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கோகிலவாணியும் ரிஸ்வானாவும் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் கொடுத்தான்.

"யாரும் திருடலைங்க மேடம். உங்க அனுமதியோடதான் போயிருக்கு. மாசம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்தொன்பது மாசமா."

"என்ற அனுமதியா? யாருங்க குடுத்தது?"

"உங்க ஒப்பாள்."

அந்தச் சொல்லைக் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது. ஆறு வருசத்துக்கு முன் புருசனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தபோது, ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி ஒரு திரைப்பலகையைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒப்பாளுக்குங்கக்கா, இதுல ஒருதடவ கைய வெச்சிருங்க. அப்புறம் ஒவ்வொரு பில்லுக்கும் உங்களை வெளிய கூப்பிட மாட்டோம்." உள்ளே அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவள் கையை வைத்துவிட்டு ஓடினாள். அவ்வளவுதான் ஞாபகம்.

நிதின் பொறுமையாக விளக்கினான். "முன்னெல்லாம் கரன்ட் பில், தவணைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிக் குடுக்கோணும், மாசாமாசம் கணக்குல இருந்து எடுத்துக்கங்கன்னு. இப்ப அது தேவையில்லை. நீங்க போன்ல பேசறது, அனுப்பற மெசேஜ், யாருக்கு என்ன குடுத்தீங்க, யாருக்கு என்ன சொன்னீங்க, எல்லாத்தையும் பாத்து உங்கள மாதிரியே முடிவெடுக்கப் பழகுன ஒரு நிரல் அது. உங்களை ஒத்த ஆள், அதான் ஒப்பாள். யாராவது உங்க கணக்குல இருந்து பணம் எடுக்க அனுமதி கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்களோ அதை அது அரை வினாடியில சொல்லிரும். சட்டப்படி அது சொல்றது நீங்க சொல்றது."

"எனக்கு ஒரு தகவல்கூட வரலையே?"

"உங்க மனசு சங்கடப்படற தகவல்களை அது உங்ககிட்டக் கொண்டு வராதுங்க. அதுவும் நீங்க கைவெச்ச ஒப்பந்தத்துல இருக்கு."

"சரி, கேட்டது யாரு?"

நிதின் திரையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "உங்க அண்ணன்தாங்க. சிவப்பிரகாஷ். வீட்டுக் கடன் தவணைக்கு."

ரிஸ்வானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோகிலவாணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க மேடம்" என்றான் நிதின். "உங்க அண்ணன் அன்னைக்கு நேரா உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருப்பீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் லிஃப்ட் கம்பெனி தொடங்கியபோது கழற்றிக் கொடுத்த ஆறு பவுன் வளையல் ஞாபகம் வந்தது. அண்ணி பிரசவத்துக்கு நாற்பது நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் இருந்தது ஞாபகம் வந்தது. கடன் வாங்கிப் போனவர்கள், சரக்கைச் சரிபண்ணிக்கொண்டு காசு தராமல் போனவர்கள், அவசரத்துக்கு ஸ்கூட்டர் கேட்டவர்கள், எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்கள் ஒருவரிடமும் அவள் இல்லை என்று சொன்னதில்லை.

"அது தப்புப் பண்ணலைங்க" என்றான் நிதின் மெதுவாக.

"போனது போகட்டும். இன்னைக்கோட நிறுத்துங்க."

அவன் தட்டினான். புருவத்தைச் சுருக்கினான். மறுபடி தட்டினான்.

"நிறுத்த முடியலைங்க. இயல்புக்கு மாறான கோரிக்கைன்னு வருது. வயசானவங்கள மிரட்டி அனுமதியை ரத்துப் பண்ண வெச்சுக் காசைச் சுருட்டுன கும்பல் ஒண்ணு இருந்துதுங்க. அதுக்கப்புறம் இந்த விதி வந்துச்சு. நீங்க 'நிறுத்து'ன்னு சொல்றது உங்கள மாதிரி இல்லைன்னு ஒப்பாள் நினைக்குது. யாரோ சொல்ல வெக்கறாங்கன்னு சந்தேகம். தொண்ணூறு நாள் பாக்கும். அதுக்குள்ள நம்பிக்கை வந்தா நிறுத்தும். அது வரைக்கும் தவணை போய்ட்டுத்தான் இருக்கும்."

"என்னைப் பத்தி நான் சொல்றதை அது நம்போணுமா?"

"ஆமாங்க."

"அது நம்பலைன்னா?"

நிதின் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அன்று மாலையே கோகிலவாணி சரவணம்பட்டிக்குப் போனாள். அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் ஒரு காரும் இல்லை. சிவப்பிரகாஷ் சோபாவில் உட்கார்ந்திருந்தான். ஒரு வருசத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வா அம்மணி" என்றான்.

"கடைக்குப் பத்திரம் பதியப் போனேண்ணா. காசு இல்ல."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அண்ணி திரும்பிப் போய்விட்டாள்.

"கம்பெனி படுத்துருச்சு கோகிலா. சீனாக்காரன் பாதி விலைக்கு லிஃப்ட் போட்டுத் தர்றான். ரெண்டு தவணை கட்டலைன்னா வீட்டைப் பூட்டிருவாங்க. ஆறு மாசத்துல நிமிந்துருவேன்னு நினைச்சேன். பத்தொன்பது ஆயிருச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்லோ?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்கிட்டக் கேட்டா உன்ற மூஞ்சியப் பாக்கோணும்" என்றான். "அதுகிட்டக் கேட்டா அந்தச் சங்கடம் இல்ல. கேட்டேன், சரின்னுருச்சு. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. "நான் சொல்லவே இல்லையேண்ணா" என்றாள். அவன் தலை நிமிரவில்லை. தவணையை நீயாகவே நிறுத்திக்கொள் என்று கேட்டாள். முடியாது, பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நிற்பதா என்றான். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கோகிலவாணி அதைத் தொடாமல் எழுந்தாள். அந்த வீட்டில் வைத்த காப்பியைக் குடிக்காமல் அவள் எழுந்தது அதுதான் முதல்தடவை.

மறுநாள் கடையில் ரிஸ்வானாதான் ஒரு வழி சொன்னாள். மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் கையை விட்டுக் கருகிய கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, அது உங்களப் பாத்துத்தானே கத்துக்குது? அப்பக் கத்துக் குடுங்க."

"என்னத்த?"

"முடியாதுன்னு சொல்ல. அது உங்க வாயில இருந்து ஒருதடவகூடக் கேட்டதில்ல. பாவம், அது என்ன பண்ணும்?" சிரித்தாள். "நேத்து என்ற மக சொன்னா, பழைய தமிழ்ல ஒப்பாள்னா ஒத்துக்க மாட்டாள்னு அர்த்தமாம். பேர் வெச்சவனுக்கே அது தெரியல பாருங்க."

கோகிலவாணி போனை எடுத்து மேசைமேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள். அது கேட்கட்டும்.

முதலில் வந்தவர் எதிர்த்த ஹார்டுவேர் கடைக்காரர். நாலாவது தடவையாக, "அடுத்த வாரம் சேத்துத் தர்றேன் அம்மணி" என்று சரிசெய்த மோட்டாரைத் தூக்கப் போனார்.

"முடியாதுங்க" என்றாள் கோகிலவாணி. குரல் கீச்சென்று வந்தது. ஒருதடவை செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "முடியாதுங்க. காசு வெச்சுட்டு எடுத்துக்கங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு வருகிறேன், சமையல்கட்டுக்கு வர முடியாது என்றாள். குடியிருப்புச் சங்கத்தில் இந்த வருசமும் நீங்களே கணக்குப் பாருங்கள் என்றார்கள். முடியாது என்றாள். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் கடைக்கு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரே மாசத்தில் அவளுக்குத் தலைக்கனம் என்று தெருவெல்லாம் பேச்சு. கடை வாங்கப் போகிறாளாம், அந்தத் திமிர் என்றார்கள். புருசன் இல்லாதவளை யார் கேட்பார் என்று நாத்தனாரே சொன்னதாக வந்து சொன்னார்கள். அந்த ராத்திரிகளில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் அவளுக்கே வியப்பு.

நாற்பத்தியோராவது நாள் அன்னூர்ப் பக்கமிருந்து திவ்யா என்று ஒருத்தி வேனில் ஒரு மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழுக்கக் கருகியிருந்தது. இரண்டு ஏக்கர் வாழை, தண்ணீர் பாய்ச்சி ஐந்து நாள் ஆயிற்று. கையில் காசில்லை, தார் வெட்டியதும் தருகிறேன் என்றாள்.

கோகிலவாணியின் வாய் தானாகச் சொன்னது. "முடியாதுங்க."

திவ்யா கெஞ்சவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மோட்டாரைத் தனியாளாகத் தூக்கி வேனில் ஏற்றினாள். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பப் போகையில் கோகிலவாணி ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. கையைத் தட்டிக் கத்தி வண்டியை நிறுத்தினாள்.

"இறக்குங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓட வெச்சர்றேன்."

கடைக்குத் திரும்பியதும் ரிஸ்வானா கடிந்துகொண்டாள். "நாப்பது நாள் கத்துக் குடுத்ததெல்லாம் போச்சுங்கக்கா!"

"போனாப் போகட்டும்" என்றாள் கோகிலவாணி. "கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொன்னேன். இப்பக் கேட்டதுக்கெல்லாம் முடியாதுன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான் ரிஸ்வானா. ரெண்டுலயும் நான் யோசிக்கவே இல்ல. இனி யோசிச்சுத்தான் சொல்லப் போறேன். கத்துக்கறதுன்னா அது அதைக் கத்துக்கட்டும்."

எழுபத்திரண்டாவது நாள், காலை பதினொன்றரைக்குப் போன் ஒலித்தது. காயில் சுற்றிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். 'சிவப்பிரகாஷ் - தவணை - மறுக்கப்பட்டது.'

ரிஸ்வானா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். கோகிலவாணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் அந்நேரம் எங்கே நின்றுகொண்டு அந்தச் செய்தியைப் பார்த்திருப்பான் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது. அவனிடம் அவள் முடியாது என்று சொல்லவேண்டியது உண்மைதான். இன்றும் அவள் சொல்லவில்லை. அது சொல்லியிருக்கிறது.

பணம் போவது நின்றது. இடையில் போன இரண்டு தவணையும் சேர்த்து இருபத்துமூன்று லட்சத்துப் பத்தாயிரம் போனதுதான். அன்றைக்கு ஒப்பாள் தந்த அனுமதி அன்றைக்குச் செல்லும் என்றது வங்கி. கோகிலவாணி ஆட்சியர் வளாகத்தில் இருந்த வங்கிக் குறைதீர் மன்றத்தில் மனுப் போட்டாள். அவள் கதையைக் கேட்டு, கடைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வயதான ஒருத்தியின் கணக்கிலிருந்து மருமகனின் வண்டித் தவணை போய்க்கொண்டிருந்தது. ஒரு வாத்தியாருக்கு எப்போதோ விட்டுவிட்ட சீட்டுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. ரிஸ்வானா எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்தாள். நாற்பத்துமூன்று மனு சேர்ந்தது.

விசாரணை அன்று நீளமான ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் மன்ற அதிகாரி அனுபமா உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, அதிகம் பேசாதவர். வலப்பக்கம் வங்கியின் வழக்கறிஞர், அவருக்குப் பின்னால் நிதின். இடப்பக்கம் கோகிலவாணியும் ரிஸ்வானாவும்.

வழக்கறிஞர் ஒரு மணிநேரம் வாதாடினார். எல்லாம் ஒரே வாதம்தான். ஒப்பாள் என்பது வாடிக்கையாளரே. பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஒருவர் நேற்றுச் சொன்ன சம்மதத்தை இன்றைக்கு மனசு மாறிவிட்டது என்பதற்காக இல்லை என்று ஆக்க முடியாது. கடைசியில் கனிவாகத் திரும்பினார்.

"இருந்தாலும் எங்க வாடிக்கையாளர் சங்கடப்படறதுல எங்களுக்கு விருப்பமில்லைங்க. நல்லெண்ணத்துல முழுப் பணத்தையும் இன்னைக்கே திருப்பித் தர்றோம். மனுவை வாபஸ் வாங்கிக்கணும். ஒப்பாள் இப்ப இருக்கற மாதிரியே தொடரணும். இதைப் பத்தி வெளிய யாருகிட்டயும் பேசக் கூடாது. அவ்வளவுதான்."

பலகையைக் கோகிலவாணியின் முன்னால் வைத்தார்கள்.

செந்தில்குமார் ஐயா மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். மருந்துக்கடை வைக்க ஒருவன் நாற்பது லட்சத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. நாற்பத்துமூன்று பேரும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. கடை. பத்தடிக்குப் பதினாலடி. அவள் கையைத் தூக்கினாள்.

கை பலகையைத் தொடுவதற்குள் அது சிணுங்கியது. எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வாசித்தது. "சமரச ஒப்பந்தம். ஒப்பாளின் பதில்: மறுப்பு. பொருத்தம் தொண்ணூற்றேழு."

ரிஸ்வானா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தீங்களாக்கா! கத்துக்கிச்சு!" என்று கிசுகிசுத்தாள்.

கோகிலவாணியின் கை அந்தரத்தில் நின்றது. முதலில் வந்தது வெட்கம். அவளைவிட அவளுடைய ஒப்பாளுக்குத் தைரியம் அதிகமாக இருந்தது. சரியான பதிலைத்தான் அது சொல்லியிருந்தது. மௌனமாக இருந்துவிட்டால் போதும், எல்லாரும் அவளை வீராங்கனை என்பார்கள். பிறகு வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"அம்மா" என்றாள் அனுபமாவிடம். "ஒண்ணு மறைக்காமச் சொல்லிர்றனுங்க. நான் சரின்னு சொல்லத்தானுங்க கையத் தூக்கினேன்."

ரிஸ்வானா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். வழக்கறிஞரின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதுங்க. அப்ப ஒப்பாள் தவறாச் சொல்லியிருக்கு. அதை ஒதுக்கி வெச்சுட்டு அம்மா கையெழுத்தையே நேரடியா வாங்கிக்கலாம்."

அனுபமா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொருதடவ சொல்லுங்க."

"ஒப்பாள் சொல்றது எதுவானாலும், அவங்களோட உண்மையான விருப்பம்தானேங்க முக்கியம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். பின்னால் நிதின் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு மணிநேரமா வேற மாதிரிச் சொன்னீங்களே" என்றார் அனுபமா. "ஒப்பாள்தான் அவங்கன்னா, இந்தச் சமரசத்தை அவங்க மறுத்துட்டாங்க. ஒப்பாள் அவங்க இல்லைன்னா, இருபத்தொரு மாசம் நீங்க எடுத்தது யாரோட அனுமதியில? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார்.

கோகிலவாணி எழுந்து நின்றாள். "அது அன்னைக்கு அண்ணனுக்குச் சரின்னு சொல்லுச்சுங்க. நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். இன்னைக்கு மாட்டேன்னு சொல்லுச்சு. நான் அதத்தான் சொல்லியிருக்கோணும். ரெண்டு தடவையும் அது சரியாத்தான் சொல்லுச்சு. ஆனா ரெண்டு தடவையும் அது நான் இல்லைங்க. எனக்குத் தப்பாச் சொல்லவும் உரிமை இருக்கோணுமல்லங்க? யோசிக்கவும், நாளைக்குச் சொல்றேன்னு சொல்லவும்? எனக்கு இந்தக் காசு வேண்டாம். இப்ப இதச் சொல்றது நான். அந்த ஒப்பாளை எடுத்துருங்க."

எடுப்பதற்கும் ஒப்பாளின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று விதி இருப்பதாக நிதின் தயங்கிச் சொன்னான். அனுபமா கேட்கச் சொன்னார். பலகை அரை வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "சம்மதம். பொருத்தம் நூறு" என்றது. அதுதான் அது கடைசியாகச் சொன்னது.

பதினெட்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. இருபத்தொரு மாத அனுமதியும் செல்லாது. பணத்தை வங்கி திருப்பித் தரவேண்டும். மற்ற நாற்பத்துமூன்று மனுக்களையும் இதே அடிப்படையில் விசாரிக்கவேண்டும். செந்தில்குமார் ஐயா மருந்துக்கடைக்காரனிடம் சாக்குச் சொல்லிப் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்தார். சொன்ன விலைக்கே பத்திரம் பதிந்தது. அது முதல் கோகிலவாணி கரன்ட் பில்லுக்கும் வரிக்கும் தானே வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஒருத்திக்காகப் பழைய கவுன்டரைத் தூசி தட்டித் திறந்தான் நிதின். இரண்டாவது மாசம் அங்கே பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

வங்கி தன் நட்டத்தை யாரிடம் வசூலிக்கும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. பத்திரம் பதிந்து ஒரு வாரத்தில் சிவப்பிரகாஷ் கடைக்கு வந்தான். பஸ்ஸில் வந்திருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ரிஸ்வானா பார்த்துவிட்டு, வார்னிஷ் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

"மொத்தத்தையும் எங்கிட்டக் கேக்கறாங்க" என்றான். "நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. உனக்குச் சந்தோசமா?"

"இல்லண்ணா."

"பின்ன எதுக்கு இப்படிப் பண்ணுன?"

"என்ற காசுண்ணா அது."

அவன் சுவர்ப்பக்கம் பார்த்தான், மோட்டார்களைப் பார்த்தான். அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருசம், பஸ் கிடைக்காத நாட்களில் அவளை எட்டு மைல் சைக்கிளில் வைத்து மிதித்தவன் அவன்தான். பொண்ணுக்கு எதுக்கு மோட்டார் படிப்பு என்று அப்பா கத்தியபோது, அவ படிக்கட்டும் என்று எதிர்த்து நின்றவனும் அவன்தான். அதெல்லாம் எந்த நிரலுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"கேளுண்ணா" என்றாள். "எங்கிட்ட வந்திருக்கற. என்ன வேணும்னு வாயத் திறந்து கேளு."

ஐம்பத்தாறு வயதில் தங்கையிடம் கேட்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உதவிக்கு வரவில்லை.

"மாசம் அம்பதாயிரம் குடுத்தீன்னா பேங்க்ல பேசி வீட்டைக் காப்பாத்திக்குவேன்" என்றான் கடைசியில். "குடு கோகிலா."

"அம்பது முடியாதுண்ணா."

அவன் முகம் சுருங்கியது. இத்தனை வருசத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவன் கேட்டது அப்போதுதான்.

"எவ்வளவு முடியும்னு யோசிக்கோணும். தானாப் போற மாதிரி ஒரு பைசா எழுதிக் குடுக்க மாட்டேன். மாசாமாசம் நீ இங்க வரோணும். வந்து கேக்கோணும். ஒரு மாசம் குடுப்பேன், ஒரு மாசம் இல்லைம்பேன். அன்னைக்கு எனக்கு என்ன தோணுதோ அது."

"மாசாமாசம் கையேந்தறதா? உன்ற வாசல்ல?"

"ஆமாண்ணா."

அவன் செருப்பை உதைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். வார்னிஷோடு திரும்பிவந்த ரிஸ்வானா, இனி அந்த ஆள் இந்தப் பக்கம் வரமாட்டார் என்றாள். கோகிலவாணி அன்று இரண்டு காயில் தப்பாகச் சுற்றிப் பிரித்தாள்.

அடுத்த மாசம் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குச் சிவப்பிரகாஷ் வாசலில் நின்றான். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். உள்ளே வந்தான். இரண்டு பேர் மோட்டார் எடுக்க வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

"கோகிலா, இந்த மாசத்துக்குக் குடுப்பியா?" என்றான் அவர்கள் முன்னாலேயே.

"உக்காருண்ணா" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "யோசிச்சுச் சொல்றேன்."

கையில் இருந்த காயிலை அவள் கீழே வைக்கவில்லை. நூற்றிருபது சுற்றில் எண்பதுதான் ஆகியிருந்தது. அவன் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தங்கை சுற்றி முடிக்கிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.